கயிறு அறுந்தால் பதிவு வரும்

கினிகத்தேனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் 'ஜீவா கொமியூனிகேஷனு'க்கு ஒரு போட்டோகொப்பி எடுக்கப் போனால் அரை மணி நேரம் போய்விடும். கொப்பி எடுக்க ஒரு நிமிஷம். மிச்சமெல்லாம் கடைக்காரர் ஜீவராஜின் அபிப்பிராயங்களுக்கு.

"விண்டோஸ்ங்கிறது தோட்டத்து லயத்துக் காம்பரா மாதிரிங்க. குடியிருக்கிறது நீங்க, கூரை கம்பெனியோடது. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுத்தான் அடிக்கணும். அவனா வருவான், சாமானையெல்லாம் எடம் மாத்தி வச்சிட்டு அப்டேட்டுன்னு சொல்லிட்டுப் போயிருவான். லினக்ஸ் அப்படி இல்ல. அது ஏழு பேர்ச் அளவுதான்னாலும் சொந்தக் காணி. செவுர இடிக்கலாம், கதவ மாத்தி வைக்கலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான்."

கேட்டுக்கொண்டிருப்பவர் கையில் பிறப்புச் சான்றிதழின் கொப்பியோடு, வந்து நிற்கும் பஸ்ஸைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருப்பார். ஜீவராஜுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. லினக்ஸ் முடிந்ததும் இணையச் சட்டத்துக்கு வந்துவிடுவார். அதில் அவருக்கு இன்னும் சூடு அதிகம்.

"பொய் சொல்றவனப் புடிக்கணும்னா புடிக்கட்டும். அதுக்காக ஊர்ல உள்ள வாயையெல்லாம் பூட்டிச் சாவிய ஒரே ஆள் கையில குடுக்கிறதா? எல்லார் சாவியும் ஒருத்தன்கிட்ட இருந்துச்சுன்னா, அவன் சாமியாவே இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்."

இப்படிப் பேசுகிற மனிதரின் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி நோட்டு கிடந்தது. அதில் வெள்ளையோடைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனைச் சேர்ந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்கள் இருந்தன. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது, பிள்ளைகளுக்காகவும் பெற்றவர்களுக்காகவும் ஈமெயில், பேஸ்புக் எல்லாவற்றையும் திறந்து கொடுத்தவர் ஜீவராஜ்தான். காசு வாங்கவில்லை. தோட்டத்துச் சனங்கள் மலிவாக டேட்டா கிடைக்கும் பக்கம் பார்த்துச் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போன் நம்பரை நம்பிக் கணக்குத் திறக்க முடியாது. அதனால் தன்னுடைய சொந்த சர்வரில் ஆளுக்கொரு ஈமெயில் முகவரி போட்டுக் கொடுத்தார். முகவரி முந்நூற்றுப் பன்னிரண்டு, தபால்பெட்டி மட்டும் ஒன்று. யாருக்கு எது வந்தாலும் கடையில் உள்ள லினக்ஸ் கணினியில் 'டிங்' என்று வந்து விழும். கடவுச்சொல்லும் எல்லோருக்கும் ஒன்றே. மறக்கக்கூடாதென்று மாரியம்மன் பெயரையும் கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருஷத்தையும் சேர்த்து வைத்திருந்தார்.

சாமியாக இருந்தாலும் நம்ப மாட்டேன் என்ற அந்த ஆள் தானேதான் என்பது நாலைந்து வருஷமாக அவருக்கு உறைக்கவே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு ஒருவருக்கு வந்துவிட்டால் அப்படித்தான்.

ஆனி மாதம். நாலு நாளாக மழை விடவில்லை. காலை பத்து மணிவாக்கில் கஜேந்திரன் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான். வெள்ளையோடைத் தோட்டத்து ஆபீசில் நலன்புரி அதிகாரி. முப்பது வயது, மரியாதையான பேச்சு, எப்போதும் தேய்த்த சட்டை. கையில் ஒரு லெப்டொப்.

"ஜீவாண்ணே, இது ரொம்ப ஸ்லோவா இருக்கு. என்னன்னு பாருங்களேன்."

ஜீவராஜ் திறந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் விண்டோஸ் கண்ணில் பட்டுவிட்டதே. லயத்துக் காம்பராவில் ஆரம்பித்து ஏழு பேர்ச் காணி வரைக்கும் சொல்லி முடித்தார். கஜேந்திரன் இடையில் ஒருதரம்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முழுவதையும் தலையாட்டிக் கேட்டான். அப்போதே ஜீவராஜ் சுதாரித்திருக்க வேண்டும். அவர் பேச்சை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

"அண்ணே, 'மேல் டிவிசன் கயிறு'ன்னு பேஸ்புக்ல ஒரு பேஜ் இருக்கே, பாத்திருக்கீங்களா?"

பார்க்காமல் என்ன. பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் போன வருஷ மழையில் ஒரு வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறெங்கே குடியிருப்பது என்பதை யாரும் சொல்லவில்லை. பிறகு யாரோ வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, குறுக்கே ஒரு நைலோன் கயிற்றைக் கட்டினார்கள். கயிறு விறைத்தாலும் அறுந்தாலும் சாயந்தரம் ஐந்து மணிக்கு அந்தப் பேஜில் ஒரு பதிவு வரும்: இன்னைக்கு ராத்திரிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. இந்த வருஷத்தில் இரண்டு தடவை வந்தது. இருபத்துநாலு குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது. பேஜின் தலைப்பிலேயே எழுதியிருந்தது: ஆறு மணிக்குள்ள பதிவு வராட்டி பயமில்ல, வீட்டுலயே இருங்க. அதற்குக் கீழே இன்னொன்று: மழை பெய்யும்போது லயத்தச் சுத்தி ஓடுற கான்ல தண்ணி திடீர்னு நின்னுச்சுன்னா மேல மலை நகருதுன்னு அர்த்தம், பதிவுக்குக் காத்திருக்காதீங்க, ஒன்னையும் எடுக்காம ஓடுங்க.

யார் எழுதுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. லயத்தில் அதைக் கேட்பதும் இல்லை.

"அதாலதாண்ணே பிரச்சன. ராத்திரி பள்ளிக்கூடத்துல கெடந்துட்டுக் காலையில பாதிப் பேரு வேலைக்கு வர்றதில்ல. ஒரு கயித்தக் கட்டி வச்சிக்கிட்டுத் தோட்டத்தையே பயமுறுத்துறாங்க. இப்ப ஒன்லைன் சட்டம் வந்திருச்சு. பொய்த் தகவல் போட்டா என்னாகும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"வெடிப்பு பொய்யா சார்?"

"மெனேஜர் தொரை யாரையும் உள்ள போடச் சொல்லலண்ணே. யாருன்னு தெரிஞ்சா கூப்புட்டுப் பேசலாம், அவ்வளவுதான். பேரு வெட்டுற அளவுக்கெல்லாம் போகாது."

பேர் வெட்டுவதைப் பற்றி ஜீவராஜ் கேட்கவே இல்லை. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை போகும், அதோடு காம்பராவும் போகும். கேட்காமலே அவன் அதைச் சொன்னான்.

"கணக்கெல்லாம் நீங்கதானே தெறந்து குடுத்தீங்க? பாத்தா தெரிஞ்சிருமில்ல?"

"தெரியும். பாக்க மாட்டேன். ஒருத்தரு வீட்டுக்குள்ள அரசாங்கமே பூந்தாலும் தப்புன்னு சொல்றவன் நான்."

"சரிண்ணே" என்று கஜேந்திரன் சிரித்தான். "நீங்க பாக்க வேணாம்."

லெப்டொப்பைப் பைக்குள் வைத்து, குடையை விரித்து, மழைக்குள் இறங்கிப் போனான். ஜீவராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இத்தனை வருஷம் பேசியதை ஒருநாள் செய்தும் காட்டிவிட்டோம் என்று தேத்தண்ணீர் வரவழைத்துக் குடித்தார்.

பதினொன்றரைக்கு முதல் 'டிங்' வந்தது.

பத்தாம் லயம் முதலாம் காம்பரா பொன்னையாவின் பெயருக்கு ஒரு ஈமெயில். கடவுச்சொல்லை மாற்றக் கேட்டிருக்கிறீர்கள், இதோ உங்கள் இலக்கம். பொன்னையாவுக்கு எழுபது வயது. அவர் எங்கே கடவுச்சொல்லை மாற்றப் போகிறார்? 'டிங்.' இரண்டாம் காம்பரா நாகலெட்சுமி. 'டிங்.' மூன்றாம் காம்பரா வீரம்மா. லயத்தின் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. யாரோ தோட்டத்துப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இலக்கம் தன்னிடம்தான் வருகிறது, அவர்களிடம் போகாது என்று ஜீவராஜ் தைரியம் சொல்லிக்கொண்டார். அந்தத் தைரியம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. இது சரிப்படாவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்? கடவுச்சொல்லைக் கேட்பார்கள். யாரிடம் கேட்டால் என்ன, மாரியம்மன் பெயரும் கும்பாபிஷேக வருஷமும் மேல் டிவிசனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதை மாற்றிவைக்க அவரும் சொல்லவில்லை, சனங்களும் மாற்றவில்லை. இன்று பொழுது சாய்வதற்குள் பேஜ் யாருடையது என்று கஜேந்திரன் கண்டுபிடித்துவிடுவான்.

அவனுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துப் பூட்டிவிட்டால்?

கடைக் கதவை அரைவாசிக்கு இழுத்துவிட்டு, கொப்பியை எடுத்துக் கணினி முன்னால் உட்கார்ந்தார். 'பாக்க மாட்டேன்' என்று சொல்லி இரண்டு மணி நேரம் ஆகவில்லை. நான் அரசாங்கம் இல்லையே, ஆபீஸ் இல்லையே, காப்பாற்றத்தானே போகிறேன் என்று மனசுக்குள் ஒரு வழக்கு நடத்தி, தீர்ப்பையும் தானே எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு கணக்காகத் திறந்தார். பேஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். முதல் பத்துக் கணக்குகள் வரை அப்படியே செய்தார். பிறகு கண் தன்பாட்டில் ஓடியது. வீரம்மா, இறந்துபோன தன் புருஷனின் கணக்குக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் எழுதிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குப் பல்லு விழுந்திருச்சுங்க. இன்னைக்குக் கீரை ஆக்கினேன். பதில் வராத பக்கத்தில் இரண்டு வருஷத்துப் பேச்சு. ஜீவராஜ் அதை வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் வெட்கம் வந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம். ஆனாலும் அடுத்த கணக்கைத் திறந்தார்.

நாற்பத்தோராவது கணக்கு அனோஜாவுடையது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் பெண், இருபத்துநாலு வயது, இன்னும் நிரந்தரமாகாத வேலை. பேஜ் அவளுடையதுதான். தினமும் வெடிப்பை அளந்து எழுதிய குறிப்புகள் உள்ளே வரிசையாக இருந்தன. நேற்றையது: கயிறு கொஞ்சம் விறைப்பு. நாளைக்கும் மழைன்னா அனுப்பணும்.

ஜீவராஜ் அந்தக் கடைசி வரியைச் சரியாக மனசில் வாங்கவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் கண்ணை அப்படி மறைத்தது. மளமளவென்று கடவுச்சொல்லை மாற்றினார். யார் வந்தாலும் உடைக்க முடியாத இருபது எழுத்து. அவள் போனில் திறந்திருந்த கணக்கும் அத்தோடு மூடிக்கொண்டது. கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டார். இனி யாரும் தொட முடியாது.

உண்மைதான். அனோஜாவாலும் தொட முடியாது.

அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்று அடுத்தபடியாகத்தான் தோன்றியது. கொப்பியில் அவள் பெயருக்கு நேரே இருந்த முகவரிக்கு ஒரு ஈமெயில் எழுதினார். 'பயப்படாதே தங்கச்சி, நான்தான் மாற்றினேன், கடைக்கு வா அல்லது எனக்குப் போன் எடு.' அனுப்பினார்.

'டிங்.'

அவர் எழுதிய கடிதம் அவர் முன்னாலேயே வந்து விழுந்தது.

பிறகு கொப்பியைப் புரட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு முகவரிகள். எதில் எழுதினாலும் தனக்கே வரும். ஒரு போன் நம்பர்கூட அதில் இல்லை. தபால்பெட்டியை மேலே தள்ளிப் பார்த்தார். கஜேந்திரனின் 'டிங்'குகளுக்கு நடுவே வேறு வகைக் கடிதங்களும் வந்து கிடந்தன. நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் ஒரே வரி: உங்கள் கணக்கில் புதிதாக ஒருவர் நுழைந்துள்ளார். இடம், கினிகத்தேனை. கருவி, லினக்ஸ்.

இதே வரி நாற்பத்தொரு பேரின் போன்களிலும் இந்நேரம் வந்திருக்கும். கினிகத்தேனையில் லினக்ஸ் வைத்திருப்பது யார் என்று யாரும் கேட்டறிய வேண்டியதில்லை. ஊரெல்லாம் பிடித்து வைத்துச் சொல்லியிருந்தாரே.

அவசரமாக அனோஜாவின் கணக்குக்குள் திரும்பப் போகப் பார்த்தார். திரையில் ஒரு அறிவிப்பு: சந்தேகத்துக்குரிய நடவடிக்கை, பாதுகாப்புக்காக இந்தக் கணக்கு இருபத்துநாலு மணி நேரம் பூட்டப்பட்டுள்ளது. ஒரே கணினியிலிருந்து நாற்பத்தொரு வீட்டுக்குள் ஏறிக் குதித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மற்றக் கணக்குகளும் அப்படியே பூட்டிக் கிடந்தன.

மணி மூன்று. மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. நேற்றைய குறிப்பின் கடைசி வரி இப்போதுதான் அவருக்குள் இறங்கியது. நாளைக்கும் மழைன்னா அனுப்பணும்.

போனில் இருந்த மேல் டிவிசன் நம்பர் ஒன்றே ஒன்று. ஜெயகாந்தன், டியூப் லைட் போட வந்தவன். அடித்தார். எடுத்தான்.

"தம்பி, ஜீவாண்ணே பேசுறேன்—"

"அண்ணே, இனிமே எனக்குக் கோல் எடுக்காதீங்க. ஒங்கள நாங்க இப்புடி நெனக்கல."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

ஜீவராஜ் கடையைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். பொல்பிட்டிய பக்கத்து வளைவில் ரோட்டில் மண் விழுந்து, ஒரு வண்டி மட்டும் போகும்படி விட்டிருந்தார்கள். அங்கேயே அரை மணி நேரம் போய்விட்டது. தோட்டத்து ரோட்டில் சில்லு சேற்றில் புதைந்து ஆட்டோ நின்றது. மிச்சத் தூரத்தை நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்கு. விழுந்து எழும்பிப் போனார். மாரியம்மன் கோயில் முடக்கு வளைவைத் தாண்டியபோது பத்தாம் லயம் தெரிந்தது. மணி ஐந்தே முக்கால். பன்னிரண்டும் பன்னிரண்டுமாக முதுகோடு முதுகு ஒட்டிய இருபத்துநாலு காம்பராவிலும் விளக்கு எரிந்தது. எல்லாக் கூரையிலும் அடுப்புப் புகை மழைக்குள் தாழ்ந்து பரவிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

நேரே லயத்துக்குப் பின்னால் ஏறினார். இரண்டு முளைகளும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றது ஒரு ஆள் நீளத்துக்கு விலகிப் போயிருந்தது. நைலோன் கயிற்றின் இரண்டு துண்டும் சேற்றில் கிடந்தன.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! கயிறு அறுந்திருச்சு!"

சத்தம் கேட்டுச் சில கதவுகள் திறந்தன. வீரம்மா அகப்பையும் கையுமாக வாசல் இஸ்தோப்புக்கு வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பல் விழுந்த சின்னவள்.

"தங்கச்சி, புள்ளயத் தூக்கிட்டுக் கெளம்பு. பள்ளிக்கூடத்துக்குப் போங்க எல்லாரும்."

வீரம்மா நகரவில்லை. அவரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"பேஜ்ல ஒன்னும் வரலையே."

"வராது தங்கச்சி. நான் சொல்றேன்ல, இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

"நீங்க எதையெல்லாம் பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும்ண்ணே." குரல் உயரவில்லை. அதுதான் அவரை அடித்தது. "நான் எங்க வீட்டுக்காரருக்கு எழுதினதப் படிச்சீங்களா, இல்லையா?"

ஜீவராஜ் கண்ணைச் சின்னவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஜெயகாந்தன் சத்தம் போட்டான். "ஆபீஸ் ஆளு அக்கா அது! காலையில இவரு கடைக்கு வந்த கஜேந்திரன் சார்கிட்ட நம்ம பாஸ்வேர்டெல்லாம் குடுத்தாச்சு. பாவம் அந்தப் புள்ளக்காம்பரா அனோஜா, மத்தியானம் போனப் பாத்துட்டு அழுதுகிட்டே பஸ் ஏறி நல்லதண்ணிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருச்சு. யார் மேல கேஸ் போடப் போறானுங்களோ. இப்ப நம்மளப் பள்ளிக்கூடத்துக்கு வெரட்டிட்டு, நாளைக்குப் பொய்த் தகவல்னு நம்ம மேலயே எழுதுவானுங்க. உள்ள போங்க எல்லாரும்!"

"நான் குடுக்கல. மாரியம்மா சத்தியமா குடுக்கல. காப்பாத்தத்தான் தெறந்தேன்" என்றார் ஜீவராஜ். தான் சொல்வது தனக்கே பொய் போலக் கேட்டது. "அந்தப் பேஜையும் நான்தான் பூட்டிட்டேன். அதாலதான் பதிவு வரல. என்னைய நம்ப வேணாம், கயித்தப் போயிப் பாருங்க."

"பேஜ் வச்சிருந்தவங்களையும் காட்டிக் குடுத்தாச்சா?" என்றாள் வீரம்மா.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பேர் தெரியாத ஒருவர் எழுதியதை நம்பி இரண்டு தடவை பாயைச் சுருட்டியவர்கள், பேரும் முகமும் தெரிந்த அவரை நம்பவில்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஜீவராஜுக்கு வழியில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார். கடையில் நின்று சத்தம் போட்டுச் சொன்னதெல்லாம் இதைத்தானே.

அவர் போகவில்லை. வீரம்மாவின் இஸ்தோப்பில், மூடிய கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"நீங்க போற வரைக்கும் நானும் போக மாட்டேன் தங்கச்சி" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். "வந்தா எனக்கும் சேத்துத்தான் வரட்டும்."

உள்ளே அடுப்பில் எதுவோ தாளிக்கும் வாசம் வந்தது. பயத்தில் எழுந்து ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை கால் துடித்தது. கண்ணை எதிலாவது வைக்க வேண்டும் என்று காலடியில் ஓடிய கானைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கி, லயத்தைச் சுற்றி, செம்மண் கலங்கிய தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

இரைச்சல் குறைந்தது.

மழை குறைந்துவிட்டதாக முதலில் நினைத்தார். கையை நீட்டினார். மழை அப்படியேதான் பெய்தது. கானில் தண்ணீர் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுபோயிருந்தது. அடியில் வெறும் சேறும் ஒரு செருப்பும் தெரிந்தன.

அவர் வாயைத் திறப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. வீரம்மா வருஷக்கணக்காக இந்தக் கானின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவள். இடுப்பில் சின்னவள் இருந்தாள், கையில் ஒன்றுமில்லை. அவரை அவள் பார்க்கக்கூட இல்லை. வெறும் கானை ஒரு தடவை பார்த்தாள்.

"தண்ணி நின்னுருச்சு!" என்று லயமே அதிரக் கத்தினாள். "ஓடுங்க! தண்ணி நின்னுருச்சு!"

மூடின கதவெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. ஜீவராஜ் எழுந்து பொன்னையாவின் காம்பராவுக்கு ஓடினார். கிழவர் கட்டிலிலிருந்து எழும்ப முடியாதவர் என்று அவருக்குத் தெரியும். அதையும் இன்று மத்தியானம் யாரோ எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார். கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பின்னால் மலை ஒரு தடவை முனகியது.